சட்டம் போட்டவர் ஊருக்கு வரும்போது

1989 ஆகஸ்ட் 17. சிகாகோ நகரின் வடமேற்குப் பகுதியிலுள்ள கோப்பர்னிக்கஸ் மையத்திலிருந்து கிளம்பிய ஒரு காரை முதியவர்கள் மறித்தார்கள். கையில் பிடித்திருந்த எதிர்ப்பு அட்டைகளால் கண்ணாடியை அடித்தார்கள், ‘கோழை’ என்று கத்தினார்கள். ஒரு மூதாட்டி வண்டியின் முன்பக்கத்தை மறித்து, அது நகரவே முடியாதபடி செய்தார். உள்ளே இருந்தவர் டான் ராஸ்டன்கௌஸ்கி. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையில் வரிச் சட்டங்கள் அனைத்தும் பிறக்கும் வழிவகைக் குழுவின் தலைவர் அவர். 1959 முதல் சிகாகோவின் உறுப்பினர். வேறு வழியின்றி காரை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த பெட்ரோல் பங்க் வழியாக விரைந்து தப்பினார். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடியது.

அந்த முதியவர்களைக் கொதிக்கவைத்தது முதியவர்களுக்காகவே இயற்றப்பட்ட ஒரு சட்டம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1966 முதல் ‘மெடிகேர்’ என்னும் அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. அன்றைய நிலையில், நீண்டநாள் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தால் அதன் பலன் ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும், வீட்டில் சாப்பிடும் மருந்துகளுக்கு அது பணம் தந்ததில்லை. இந்தக் குறைகளைச் சரிசெய்ய ஒரு பெருநோய்ச் செலவுச் சட்டத்தை காங்கிரஸ் நிறைவேற்றியது. கீழவையில் ஆதரவு 328, எதிர்ப்பு 72. மேலவையான செனட்டில் 86க்கு 11. 1988 ஜூலை 1 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். முதியோர் அமைப்புகளிலேயே பெரியதான ஏ.ஏ.ஆர்.பி.யும் ஆதரித்தது. இரண்டு கட்சிகளும் சேர்ந்து போட்ட சட்டம், ஊரில் நல்ல பெயர் வாங்கித் தரும் என்றுதான் உறுப்பினர்கள் நம்பினார்கள்.

சிக்கல் செலவுக் கணக்கில் இருந்தது. புதிய பலன்களுக்கான முழுப் பணத்தையும் முதியவர்களே தர வேண்டும். எல்லாருக்கும் மாதம் 4 டாலர் கூடுதல் கட்டணம். அதற்கு மேல், வருமான வரி கட்டும் முதியவர்கள் தங்கள் வரியில் 15 சதவீதத்தைத் தனியாகக் கட்ட வேண்டும். 1989க்கு அதன் உச்சவரம்பு ஆளுக்கு 800 டாலர். சுமார் 60 சதவீத முதியவர்கள் இந்தத் தனிக் கட்டணத்தில் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. 800 டாலர் முழுவதும் கட்ட வேண்டியவர்கள் மிகச் சிலரே. ஆனால் தாமும் 800 டாலர் கட்ட வேண்டும் என்று ஏராளமானோர் நம்பினார்கள். முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட் தொடங்கிய ஓர் அமைப்பு, வீடு வீடாகக் கடிதம் அனுப்பி எதிர்ப்பைத் திரட்டியது. உறுப்பினர்களின் விளக்கம் போய்ச் சேருமுன் அந்தக் கடிதங்கள் போய்ச் சேர்ந்துவிட்டன.

‘மக்களுக்குப் புரியவில்லை’ என்று வாஷிங்டன் அன்று சொன்னது பாதி உண்மைதான். மறுபாதியை இன்றும் பலர் எழுதுவதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகும் பழைய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், ஏற்கெனவே கையில் இருந்த ஒன்றுக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருந்தது. முதியவர்கள் உண்மையில் அஞ்சியது பராமரிப்பு இல்லங்களின் நீண்டகாலச் செலவைக் கண்டு. அதைப் புதிய சட்டம் பெரும்பாலும் தொடவில்லை. இவற்றைத் தொகுதிக்குப் போய் முன்கூட்டியே கேட்டிருந்தால் சட்டத்தின் வடிவமே மாறியிருக்கும். கேட்காமல் போட்ட சட்டத்தை 1989 அக்டோபர் 4 அன்று கீழவை 360க்கு 66 என்ற கணக்கில் ரத்து செய்தது. முந்தைய ஆண்டு ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் இப்போது எதிர்த்து வாக்களித்தார்கள். டிசம்பர் 13 அன்று ரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மெடிகேரில் மருந்துச் செலவுக்குக் காப்பீடு கிடைக்க 2006 ஜனவரி வரை ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் மருந்து வாங்கக் காசில்லாமல் தவித்த முதியவர்கள்தான் அந்தத் தோல்வியின் விலையைக் கொடுத்தவர்கள்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ தொகுதிக்கு வருவதும், புதிய சட்டத்தைப் பற்றி மக்களுக்கு எழுதுவதும் சம்பிரதாயமாகத் தோன்றலாம். அது சட்டம் இயற்றும் வேலையின் ஓர் அங்கம் என்பதற்கு 1989ஐ விடத் தெளிவான சான்று அமெரிக்க வரலாற்றில் இல்லை.

அந்த நாட்டில் இந்த வழக்கம் குடியரசின் வயதுடையது. 1789 ஆகஸ்ட் 15 அன்று முதல் காங்கிரஸில் ஒரு திருத்தம் முன்வைக்கப்பட்டது. தங்கள் பிரதிநிதி எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்டளையிடும் உரிமையை மக்களுக்கு அரசமைப்பிலேயே தர வேண்டும் என்றது அது. 41க்கு 10 என்று தோற்றது. உறுப்பினர் அவையில் பேசி, கேட்டு, தம் அறிவால் முடிவெடுக்க வேண்டும் என்பதே பெரும்பான்மையின் கருத்து. அப்படியானால் எடுத்த முடிவுக்கு அவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்ற சுதந்திரத்துக்கு ஈடாக வந்த கடமை இது என்று கொள்வதே நியாயம்.

அந்தக் கடமையைத் தொடக்க காலத்து உறுப்பினர்கள் பலர் அச்சிட்ட சுற்றறிக்கைக் கடிதங்கள் மூலம் நிறைவேற்றினார்கள். குறிப்பாக வர்ஜீனியா, வட கரோலினா, கென்டக்கி, டென்னஸி போன்ற மாநிலங்களில், செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்குக் கூட்டத்தொடரின் முடிவில் இந்தக் கடிதம் போகும். போர் வருமா, எந்தப் பொருளுக்கு வரி, கடன் எவ்வளவு, எந்தச் சாலையில் தபால் ஓடும் என்று எல்லாம் அதில் இருக்கும். 1789 முதல் 1829 வரையிலான இத்தகைய கடிதங்களை வரலாற்றாசிரியர் நோபிள் கன்னிங்ஹாம் தொகுத்து, 1978ல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். இன்றைய செய்திமடல்களோடு ஒப்பிட்டால் அவற்றில் படங்கள் இல்லை, விவாதம் நிறைய உண்டு.

அந்த விவாதத்துக்காகச் சிலர் துன்பமும் பட்டார்கள். 1797ல் வர்ஜீனியாவின் சாமுவேல் கேபல் தம் கடிதங்களில் அதிபர் ஜான் ஆடம்ஸின் அரசைக் கண்டித்து எழுதியதற்காக, ரிச்மண்டில் கூடிய மத்திய அரசின் கிராண்ட் ஜூரி அவர் மீது குற்றம் சுமத்தியது. அப்போது துணை அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், தம் பெயரைக் காட்டாமல் ஒரு கண்டன மனுவை எழுதி வர்ஜீனியா சட்டமன்றத்துக்கு அனுப்பச் செய்தார். உறுப்பினருக்கும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தில் நீதிபதிகள் குறுக்கிட்டால், மக்கள் அரசைக் கண்காணிக்கும் வழியே அடைபட்டுவிடும் என்பது அவரது வாதம். கேபல் மீது வழக்கு நடக்கவில்லை. ஆனால் மறு ஆண்டே வந்த ராஜதுரோகச் சட்டத்தின் கீழ் வெர்மான்ட் உறுப்பினர் மேத்யூ லயன், பத்திரிகைக்கு எழுதிய கடிதம் உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் பெற்றார். சிறையில் இருந்தபடியே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இந்தக் கடிதங்கள் அஞ்சல் தலை இல்லாமல் போகும் சலுகையும் அன்றே பிறந்தது. உறையின் மேல் உறுப்பினரின் கையெழுத்து இருந்தால் போதும். 1775ல் சுதந்திரப் போர்க் காலத்துக் காங்கிரஸ் தொடங்கிய இந்தச் சலுகையை 1789ல் முதல் காங்கிரஸ் தொடர்ந்தது. முறைகேடு பெருகியதால் 1873ல் அதை ஒழித்தார்கள், சில ஆண்டுகளில் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1973ல், எது பொதுப்பணி, எது தேர்தல் பிரசாரம் என்று கோடு கிழிக்கும் தனிச் சட்டம் வந்தது. அதைக் கண்காணிக்கக் கீழவையில் இரு கட்சியினரும் கொண்ட ஒரு குழுவும் அமைந்தது. 500 பிரதிகளுக்கு மேல் ஒரே கடிதம் போனால் அது வெகுஜன அஞ்சல். தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் அப்படி அனுப்பக் கூடாது. 2020 வரை கீழவைக்கு இது 90 நாட்களாக இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகை வாழ்த்து அனுப்ப அனுமதி இல்லை. அரசுப் பணத்தில் அனுப்பப்பட்டது என்ற குறிப்பு வெகுஜன அஞ்சல் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். உறுப்பினர் தம்மைத் தாமே குறிக்கும் ‘நான்’ போன்ற சொற்கள் ஒரு பக்கத்தில் சராசரியாக எட்டுக்கு மேல் வரக் கூடாது என்றுகூட ஒரு காலத்தில் விதி இருந்தது.

இவ்வளவு விதிகள் இருந்தும் 1988 நிதியாண்டில் காங்கிரஸின் அஞ்சல் செலவு 11 கோடி டாலரைத் தாண்டியது. தேர்தல் நடக்கும் ஆண்டுகளில் செலவு ஏறும், அடுத்த ஆண்டு இறங்கும். 1990ல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி வரம்பு விதித்து, யார் எவ்வளவு செலவழித்தார் என்பதை வெளியிடவும் வைத்த பிறகே தொகை வேகமாகக் குறைந்தது. விதிகள் எதையும் சொல்லாத இடம் ஒன்று உண்டு. புதிய சட்டத்தின் கசப்பான பகுதியையும் எழுத வேண்டும் என்று எந்த விதியும் உறுப்பினரைக் கட்டாயப்படுத்துவதில்லை.

அங்கேதான் ஆய்வாளர்களின் கவனம் போனது. அரசியல் அறிஞர் டேவிட் மேஹ்யூ 1974ல் எழுதிய நூலில், மறுபடி வெல்ல விரும்பும் உறுப்பினர்கள் மூன்று வேலைகளைச் செய்கிறார்கள் என்றார். பெயரைப் பரப்புவது, நல்லது நடந்தால் தம்மால்தான் என்று உரிமை கொண்டாடுவது, எல்லாரும் தலையாட்டும் கருத்தைச் சொல்வது. ரிச்சர்ட் ஃபென்னோ நூலகத்தை விட்டு வெளியே போனார். 18 உறுப்பினர்களோடு அவரவர் தொகுதியில் கார் ஏறி, தேநீர் அருந்தி, கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தார். 1978ல் வெளிவந்த அவரது ‘ஹோம் ஸ்டைல்’ இன்றும் இத்துறையின் அடிப்படை நூல். உறுப்பினர்கள் எல்லாரும் தம் தொகுதியில் காங்கிரஸையே திட்டுகிறார்கள், ‘அங்கே இருப்பவர்களிடமிருந்து உங்களைக் காப்பாற்ற நான் இருக்கிறேன்’ என்கிறார்கள் என்று அவர் கண்டார். காங்கிரஸை வெறுக்கும் மக்கள் தங்கள் உறுப்பினரை மட்டும் நேசிப்பதன் காரணத்தை இது விளக்கியது. மக்களின் நம்பிக்கையைப் பெற்ற உறுப்பினருக்குச் சிக்கலான வாக்கெடுப்புகளில் சற்றுச் சுதந்திரம் கிடைக்கிறது என்றும் அவர் சொன்னார். அந்தச் சுதந்திரத்தைத் தலைமைப் பண்புக்குப் பயன்படுத்துகிறவர் சிலரே.

ஜஸ்டின் கிரிம்மர் தம் சக ஆய்வாளர்களோடு 2014ல் வெளியிட்ட நூல் இன்னும் கவலை தருவது. தொகுதிக்கு வந்த நிதியைப் பற்றி உறுப்பினர் எத்தனை முறை அறிவிக்கிறார் என்பதற்கே மக்கள் மதிப்பெண் போடுகிறார்கள், தொகை பெரிதா சிறிதா என்பது அவ்வளவாக மனத்தில் பதிவதில்லை என்பது அவர்கள் முடிவு. ஒரு தீயணைப்பு நிலையத்துக்கு வந்த சிறு மானியமும் ஒரு பெரிய பாலமும் மடலில் ஏறக்குறைய ஒரே எடை பெறுகின்றன. எனவே அறிவிப்புகள் பெருகுகின்றன, விளக்கங்கள் சுருங்குகின்றன.

2021 நவம்பரில் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1.2 லட்சம் கோடி டாலர் திட்டம். கீழவையில் 228 பேர் ஆதரித்தார்கள், 206 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியில் 13 பேர் மட்டுமே ஆதரவு. சில வாரங்களில், எதிர்த்து வாக்களித்தவர்களில் சிலர் அந்தச் சட்டத்தால் தம் தொகுதிக்கு வந்த சாலைக்கும் துறைமுகத்துக்கும் மகிழ்ச்சி தெரிவித்து அறிக்கை விட்டார்கள். அலபாமாவின் கேரி பாமர், பர்மிங்ஹாம் நகரின் வடக்குச் சுற்றுச்சாலைக்கு நிதி வந்ததை அறிவித்தபோது இது பெரிய சர்ச்சையானது. அந்தச் சாலைக்காக அவர் முன்பிருந்தே தனியாக முயன்றவர் என்பதும் உண்மை. அப்படியானால் அவர் எழுத வேண்டிய மடல் எளிமையானது: சாலை வேண்டும் என்று கேட்டேன், மொத்தச் சட்டத்தை எதிர்த்தேன், காரணம் இது. முரண்பாட்டை விளக்கும் அந்த மடலைத்தான் தொகுதி பெற வேண்டியிருந்தது.

மடலில் மறைக்க முடிவதை நேரில் மறைப்பது கடினம். அதனால்தான் தொகுதிப் பயணம் முக்கியம். 1960களின் தொடக்கத்தில் அரசுச் செலவில் ஓர் உறுப்பினர் ஊருக்குப் போய்வர ஆண்டுக்கு மிகச் சில பயணங்களே அனுமதி. 1970களில் அது பல மடங்கு கூடியது. 1970ஆம் ஆண்டின் சீரமைப்புச் சட்டம் ஆகஸ்ட் மாத விடுமுறையைச் சட்டமாகவே ஆக்கியது. இன்று வாரத்தின் நடுவில் வாஷிங்டன், வார இறுதியில் தொகுதி என்பதே வாழ்க்கைமுறை. அயோவாவின் செனட்டர் சக் கிராஸ்லி 1981 முதல் ஆண்டுதோறும் தம் மாநிலத்தின் 99 கௌன்ட்டிகளுக்கும் போகிறார். சில இடங்களில் அது தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பதாகவோ பள்ளி மாணவர் சந்திப்பாகவோ அமைவதுண்டு. இருந்தாலும் வேறு பலர் முயலாத உழைப்பு அது.

ஆனால் தொகுதிகள் வீங்கிவிட்டன. முதல் காங்கிரஸில் ஓர் உறுப்பினருக்குச் சில பத்தாயிரம் மக்கள். கீழவையின் 435 என்ற எண்ணிக்கை நூறாண்டுக்கு மேலாக ஏறக்குறைய அசையவில்லை. 2020 கணக்கெடுப்புக்குப் பின் ஒரு தொகுதியின் சராசரி மக்கள்தொகை சுமார் 7,61,000. ஓர் உறுப்பினர் 18 நிரந்தரப் பணியாளர்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். 2004ஆம் ஆண்டிலேயே காங்கிரஸுக்கு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் 20 கோடி. யார் கேட்டாலும் ஒரே பதிலை அச்சடித்து அனுப்புவதில் அலுவலகங்கள் மூழ்கிப்போவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நேர்க்கூட்டங்களுக்கு வேறு ஆபத்தும் வந்தது. 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகருக்கு அருகே, ஒரு மளிகை அங்காடியின் வாசலில் மேசை போட்டு மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார் கீழவை உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ். ஒருவன் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியும், கூட்டத்தை ஏற்பாடு செய்த உதவியாளர் கேப் ஸிம்மர்மனும் உண்டு. தலையில் குண்டு பாய்ந்த கிஃபர்ட்ஸ் உயிர் பிழைத்தார், ஓராண்டில் பதவி விலகினார். அதற்குப் பின் இடம் அறிவிக்காத கூட்டம், முன்பதிவு, தொலைபேசி வழிக் கூட்டம் என்று பலர் ஒதுங்கியதைக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லா ஒதுங்கலும் பாதுகாப்புக்காக நடப்பதில்லை. 2009 ஆகஸ்டில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா மீது டவுன் ஹால் கூட்டங்கள் வெடித்தன, மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி கீழவையில் 63 இடங்களை இழந்தது. 2017ல் அதே சட்டத்தை நீக்க முயன்ற குடியரசுக் கட்சியினருக்கு அதே அனுபவம். இரு கட்சிகளும் இதிலிருந்து கற்ற பாடம், கூட்டமே போடாதே என்பது. 2025 மார்ச்சில் கீழவைக் குடியரசுக் கட்சியின் தேர்தல் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஹட்சன், நேர்க்கூட்டங்களைத் தவிர்க்குமாறு உறுப்பினர்களுக்கு அறிவுரையே கூறினார்.

கூட்டமே போடாதே என்ற பாடத்தை ஏற்காமல் மக்களைச் சந்தித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நியூ ஜெர்ஸியின் டாம் மக்கார்தர், காப்பீட்டு நீக்க மசோதாவைக் கீழவையில் கரைசேர்த்த திருத்தத்தை எழுதியவர். 217க்கு 213 என்று அது நிறைவேறிய ஆறாவது நாள், 2017 மே 10 அன்று, தம்மை எதிர்ப்பவர்கள் நிறைந்த வில்லிங்பரோவுக்குப் போய், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நின்று கேள்விகளை வாங்கிக்கொண்டார். 2018ல் தோற்றுப்போனார்.

நெப்ராஸ்காவின் மைக் ஃபிளட் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2025 மே 22 அன்று அதிபர் டிரம்பின் மாபெரும் வரி, செலவு மசோதா கீழவையில் 215க்கு 214 என்று நிறைவேறியது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட அதற்கு ஃபிளட் ஆதரவாக வாக்களித்திருந்தார். சில நாட்களில் சீவர்ட் என்ற சிற்றூரில் கூட்டம் போட்டார். நீதிமன்ற அவமதிப்பு அதிகாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு பிரிவு அதில் இருப்பதை மக்கள் எடுத்துக்காட்டினார்கள். வாக்களித்தபோது அது தமக்குத் தெரியாது, அதை ஏற்கவும் இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஜூலை 4 அன்று கையெழுத்தான இறுதிச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஒரே வாக்கில் தப்பிய மசோதாவில் உறுப்பினருக்கே தெரியாத பிரிவை ஊர்மக்கள் படித்துவிட்டு வந்து கேட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று லிங்கன் நகரில் அவர் மறுபடி மேடையேறியபோது கூச்சலில் அவர் குரலே கேட்கவில்லை. இருந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பதில் சொன்னார்.

கூச்சல் இல்லாத வழி உண்டா? மைக்கேல் நெப்லோ, கெவின் எஸ்டர்லிங், டேவிட் லேஸர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006ல் இதைச் சோதித்தார்கள். 12 கீழவை உறுப்பினர்கள், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சிறு குழுக்களோடு குடியேற்றச் சட்டம் என்ற ஒரே பொருளைப் பற்றி இணையத்தில் பேசினார்கள். முன்கூட்டியே நடுநிலையான குறிப்புகள் தரப்பட்டன. கேள்விகளை உறுப்பினரின் அலுவலகம் வடிகட்டவில்லை. வழக்கமான அரசியலில் வெறுத்துப்போன இளைஞர்களும் குறைந்த வருமானத்தினரும்தான் இத்தகைய பேச்சுக்கு அதிக ஆர்வம் காட்டினார்கள். பங்கேற்றவர்களுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றிய அறிவும் உறுப்பினர் மீதான நம்பிக்கையும் கூடின. ஒரு பொருள், சிறு கூட்டம், வடிகட்டாத கேள்வி என்ற இந்த மூன்றும் எந்த அலுவலகத்துக்கும் கட்டுப்படியாகும் செலவில் முடியும். ஆனாலும் காங்கிரஸில் இது பொது வழக்கமாகவில்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. தொகுதியின் மக்கள்தொகைக் கணக்கில் குடியுரிமை பெற்றவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், பணி விசாவில் இருப்பவர் என்று எல்லாரும் சேர்த்தி. விசா, பாஸ்போர்ட், ஓய்வூதியக் கோப்பு எங்கோ முடங்கிக் கிடந்தால் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தை அணுக உங்களுக்கும் வழி உண்டு. அங்கே போவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள், அவர் ஆதரித்த சட்டத்தின் ஒரு பிரிவையாவது முன்பே படித்துவிட்டுச் செல்லுங்கள். எவ்வளவு நிதி கொண்டுவந்தீர்கள் என்று கேட்காதீர்கள், அதை மடல் தானாகவே சொல்லும். இந்தச் சட்டத்தின் செலவு யார் தலையில் விழுகிறது, இதில் உங்களுக்கே பிடிக்காத பிரிவு எது என்று கேளுங்கள்.